உள்ளே எத்தனை பேர்?

வாயைத் திறக்கமாட்டேன் என்று தையல்காரம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். அதை யாரும் நம்பவில்லை. மகள் சிரித்தாள். மருமகன் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கடையில் அவளோடு உட்கார்ந்து பொத்தான் தைக்கிறவள், "அக்கா, நீங்களா?" என்று ஒரே கேள்வியோடு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள். வாக்கு வாங்கிய கணவருக்கே பாதி நம்பிக்கைதான். அதனால்தான் கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னைக் கூப்பிட்டதும் இதை வாயில போட்டுக்க. இது கரையறதுக்குள்ள நான் கதையை முடிச்சிடுவேன்."

"கடிச்சுட்டேன்னா?"

"அதுக்குத்தான் சொல்றேன், கடிக்காதே."

அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான், பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. அவரிடம் ஒரே ஒரு கதை உண்டு. தான் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டேன் என்ற கதை. விருந்தாளி யார் வந்தாலும், எந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும், சாப்பாடு முடிகிற நேரத்தில் அவர் தொண்டையைச் செருமினால் லிஃப்ட் கதை வரப்போகிறது என்று அர்த்தம். வரும். ஆனால் முழுசாக வந்து சேராது. பாதி வழியில் அவள் குறுக்கே விழுவாள்.

வேண்டுமென்று செய்வதில்லை. உடுப்புகளைப் பிரித்துத் திருத்தித் தைப்பது அவள் பிழைப்பு. அடுத்தவர் உடுத்தியிருப்பதில் எங்கே தூக்கியிருக்கிறது, எங்கே சுருக்கம் விழுகிறது என்றுதான் அவள் கண் போகும். பேச்சிலும் அப்படியே. குண்டூசியை உதட்டில் இடுக்கிக்கொண்டிருக்கும் நேரம் மட்டும்தான் அவள் யாரையும் திருத்தமாட்டாள் என்று அவர் சொல்வார். அதையும் அவள் திருத்துவாள்: குண்டூசியோடும் பேச வரும்.

போன வாரம் மகள் வீட்டில் இதே போல நடந்தது. அவர் கதையை ஆரம்பித்தார், அவள் திருத்தினாள், எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்காமல் தட்டை ஓரமாகத் தள்ளினார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "ஒரே ஒரு தடவை, இந்தக் கதையை ஆரம்பிச்ச இடத்துலேருந்து முடியற இடம் வரைக்கும் நானே சொல்லணும். நாலு பேர் கேக்கணும். அதுக்கப்புறம் நீ ஆயுசுக்கும் திருத்திக்க."

கோபத்தோடு சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். இப்படிச் சொன்னதால் ராத்திரி முழுக்க அது அவளை உறுத்தியது. பாவம், ஒரே கதை. அதையும் ஒரு தடவை முழுசாகச் சொல்லவிட்டதில்லை. காலையில் காப்பியோடு வாக்கையும் சேர்த்துக் கொடுத்தாள்.

நாலு பேர் கேட்கிற இடத்தைக் கண்டுபிடித்தது மகள். பழைய கார் பட்டறை ஒன்றை வட்டாரத்துக்காரர்கள் சேர்ந்து கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். பகலில் பிள்ளைகள் படம் வரைவார்கள், மாலையில் யாராவது நடனம் பழகுவார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஓப்பன் மைக். யாரும் ஏறலாம், எதையும் செய்யலாம். இரும்பு ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்ததால் எல்லோரும் தலையைக் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது. தரையில் என்ன தேய்த்தும் போகாத எண்ணெய்க் கறை. நாற்காலிகளில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஆளுக்கொன்றாக வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டது. மேடை, நாலு பலகை. மைக் கம்பியின் கழுத்தில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

நடத்துகிறவள் ஒரு சுருட்டைமுடிக்காரி. பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாம். வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள் என்பதால் பயந்தவர்களைப் பேசவைப்பது அவளுக்குச் சுலபம் என்று, பக்கத்து நாற்காலியில் இருந்த பஸ் டிரைவர் அம்மாள் தையல்காரம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மாள் மாதம் தவறாமல் வருகிறவள், ஏறுகிறவள் இல்லை. மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். எனக்கு வாரம் முழுக்க முதுகுக்குப் பின்னால்தான் ஆட்கள் பேசுகிறார்கள், இங்கேதான் முகத்தைப் பார்த்துக் கேட்க முடிகிறது என்றாள்.

சுருட்டைமுடிக்காரி முதலில் சட்டத்தைச் சொன்னாள். கூடத்தில் ஒரே சட்டம்தான். மேலே ஒருவர் நிற்கும்போது கீழே யாரும் பேசக் கூடாது. சிரிக்கலாம், அழலாம், கை தட்டலாம். எடுத்துக்கொடுப்பது, திருத்துவது, "நான் சொல்லட்டுமா" என்பது, எதுவும் கிடையாது. லிஃப்ட்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். சட்டமே தன் பக்கம் நிற்கிற சந்தோஷம் அவர் முகத்தில். அவள் பெப்பர்மின்ட்டைக் காட்டினாள்.

முதலில் ஏறிய தபால்காரர் மவுத் ஆர்கன் வாசித்தார். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். ஒரு இடத்தில் தப்பு வந்தது. நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை வாசித்து, சரியாக வந்ததும் தானே தலையாட்டிக்கொண்டு மீதியை வாசித்தார். அடுத்து ஒரு கணக்கர். வீட்டுப் பழைய ஃபிரிட்ஜைப் பற்றிக் கவிதை. ராத்திரியில் அது முனகுவதைக் கேட்டால்தான் தனக்குத் தூக்கம் வருகிறதாம், புதுசு வாங்கலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம் அதன் கதவைத் தொட்டுப் பார்க்கிறாராம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், கடைசி வரிக்கு யாரும் சிரிக்கவில்லை. பஸ் டிரைவர் அம்மாள் கடலை மெல்வதை நிறுத்திவிட்டாள். தையல்காரம்மாவுக்கு அந்த மனிதரின் கோட்டுத் தோள் ஒரு விரல் இறங்கியிருப்பது தெரிந்தது. தெரிந்தும் கை தட்டினாள். இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இத்தனை நன்றாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"அடுத்தது லிஃப்ட்காரர்," என்றாள் சுருட்டைமுடிக்காரி.

அவள் பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். எந்த மைக்குக்கும் பயப்படாத குரல் அது. மாடிப்படி வழியாக ஏழு மாடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். சின்ன வயதில் தன் பொறுப்பில் ஒரு கட்டடம் கொடுத்தார்கள், அதன் லிஃப்ட் அடிக்கடி நிற்கும் என்றார். மாடிகளுக்கு நடுவில் பெட்டி நின்றுபோனால் உச்சியில் இருக்கிற மோட்டார் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும், அன்றைக்கு அவர் தனியாக இருந்தார், கூட்டாளி வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றார். பிறகு தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை. பேச்சு நின்றால் உள்ளே இருக்கிறவருக்கு மூச்சு முட்டும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உள்ளே எத்தனை பேர்?

கூடம் அமைதியாகக் கேட்டது. அவர் முகம் மலர்ந்தது.

"உள்ள ஒரு பெரியவர். கையில ஒரு பை. பை நிறைய முட்டை," என்றார்.

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

தையல்காரம்மா பெப்பர்மின்ட்டை நாக்குக்கு அடியில் அழுத்திக்கொண்டாள். முட்டை இல்லை, தக்காளி. அவளுடைய அப்பா கொண்டுவந்த பை அது; அன்றைக்கு அதைக் கழுவிச் சமைத்தவள் அவள். ஆனால் முட்டை என்றால்தான் கதைக்கு ஒரு பதற்றம் வருகிறது என்பது லிஃப்ட்காரரின் கட்சி. இத்தனை வருஷமாக அவர் இந்த இடத்தில் முட்டை என்பார், இவள் தக்காளி என்பாள், அவர் முறைப்பார், கேட்பவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பின் மேல் ஏறி அவர் மீதிக் கதைக்குப் போவார்.

இன்றைக்கு அவள் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். காத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் போனவர் மாதிரி நின்றார்.

"முட்டை," என்றார் மறுபடியும். பிறகு, "பை நிறைய."

வாய் திறந்தது, மூடியது. கை மைக் கம்பியைப் பிடித்தது. பிளாஸ்திரி சுற்றிய கழுத்து மெதுவாகச் சாய்ந்தது, அவர் அதை நிமிர்த்தினார், அது மறுபடியும் சாய்ந்தது. முன் வரிசையில் யாரோ தண்ணீர் குடித்தார்கள். சுருட்டைமுடிக்காரி கனிவாகச் சிரித்தாள்; அந்தக் கனிவைப் பார்த்ததும் அவர் இன்னும் வெளுத்தார்.

எழுந்து போய் அவர் கையைப் பிடிக்கலாம். ஆனால் அப்புறம் அவர் இந்தக் கதையை எங்கேயும் சொல்லமாட்டார். பேசாமல் இருக்கலாம். வாக்கும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, வாயில் பெப்பர்மின்ட்டும் இருக்கிறது. அவர் நெற்றியில் வேர்வை தெரிந்தது. அவருக்கு மூச்சுத் திணறுகிறது என்று அவள் இத்தனை தூரத்திலிருந்தும் கண்டுகொண்டாள்.

படக்கென்று அவள் கடித்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஐயா," என்றாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, உரக்க. "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். சுருட்டைமுடிக்காரி விரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். லிஃப்ட்காரர் இருட்டுக்குள் குரல் வந்த திசையைப் பார்த்தார். அவர் தோள் இறங்கியது. பதில் சொன்னபோது அது அவர் குரல் இல்லை. கரகரவென்று, கொஞ்சம் எரிச்சலான, போய்ச் சேர்ந்து வெகு காலமான அவள் அப்பாவின் குரல்.

"நான் ஒருத்தன்தான்ப்பா. ஒரு பை முட்டையும்."

"தக்காளி," என்றாள் அவள்.

கூடம் சிரிப்பில் குலுங்கியது. பஸ் டிரைவர் அம்மாளின் கடலை தரையில் சிதறியது. சுருட்டைமுடிக்காரியின் விரல் உதட்டுக்கு வந்த வழியே இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் இருவரும் நிறுத்தவில்லை. அவள் வெளியிலிருந்து பேசுகிற மெக்கானிக் ஆனாள், அவர் உள்ளே மாட்டிக்கொண்ட பெரியவர் ஆனார். பயப்படாதீங்க என்றாள். பயம் யாருக்கு, பசி என்றார். எந்த மாடிக்குப் போகணும் என்று கேட்டாள். எந்த மாடியாக இருந்தால் என்ன, நீ எங்கேயும் கொண்டுபோகப் போவதில்லை என்றார். அப்பா அப்படியேதான் பேசுவார். சிரித்துக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்தாள். இப்படியே கதை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது: உள்ளே இருப்பவர் யார் என்று தெரியாமல், பேச்சு தீர்ந்துபோன மெக்கானிக், மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிய இடம். வீட்டில் சொல்லும்போது அவர் அதை "எல்லாத்தையும் கொட்டிட்டேன்" என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போவார்.

அவள் வாயைத் திறந்தாள். மெக்கானிக் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் நாலாவது மாடியில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் சொன்னதில்லை.

"ஐயா," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அப்ப நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

அவர் சாய்ந்த மைக்கை நிமிர்த்திப் பிடித்தார். பெரியவரின் குரலில்தான் ஆரம்பித்தார், போகப் போக அது அவர் குரலாகிவிட்டது.

"நாலாவது மாடியில ஒரு தையல் மெஷின் ஓடுதுங்கன்னு சொன்னே. அது ஓடற வரைக்கும் நல்லா இருக்கிற லிஃப்டையும் கழட்டி மாட்டிக்கிட்டு நிக்கிறேன்னு சொன்னே. மெஷின் நின்னா எனக்கும் கை ஓடலைன்னே. அந்தப் பொண்ணுக்குத் தெரியுமாப்பான்னு நான் கேட்டேன். தெரியும்னுதான் நினைக்கிறேன், சும்மா சும்மா எதுக்கு வர்றேன்னு அவங்க ஒரு தடவைகூட கேக்கலைன்னு சொன்னே."

கூடம் அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தது. திருத்த ஒன்றும் இல்லை. உண்மைதான், அவள் கேட்கவில்லை. லிஃப்டுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், மோட்டார் அறைக்கு ஏறி இறங்குகிற அவர் காலடி கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும், தைத்து முடித்த துணியையே மறுபடியும் தைத்துக்கொண்டிருப்பாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

அவர் தனியாகவே கதையை முடித்தார். கூட்டாளி வந்தான், சக்கரத்தைச் சுற்றினார்கள், பெட்டி இறங்கியது, கதவு திறந்தது. பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார், மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த மெஷின் ஓடற வீடு என் வீடுதான். வா, தண்ணி குடிச்சிட்டுப் போ."

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. வெளியே போகும்போது சுருட்டைமுடிக்காரி அவளைப் பிடித்துக்கொண்டு, சட்டத்தை மீறினதுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டாள். எத்தனை வாரம் ஒத்திகை பார்த்தீர்கள் என்று தபால்காரர் விசாரித்தார். லிஃப்ட்காரர் ரொம்ப நாளாக என்று மட்டும் சொன்னார்.

இருவரும் ஷட்டருக்குக் கீழே குனிந்து தெருவுக்கு வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்கள்.

"வாக்கை மீறிட்டே," என்றார்.

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட வெளியிலேருந்து பேசணும்னு நீங்கதானே சொன்னீங்க." பிறகு முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள்: "என்னங்க, அந்த மெஷின் விஷயத்தை ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?"

"நீ எங்க சொல்லவிட்டே? அந்த இடம் வர்றதுக்குள்ள உனக்குத் தக்காளி வந்துடும். சிரிச்சு முடிச்சு எல்லாரும் கை கழுவ எழுந்துடுவாங்க, மீதியை நான் ஒரே வரியில முடிச்சுக்க வேண்டியதுதான்."

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது.

"சரி, முட்டையாவே இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். "இனிமே நான் ஒண்ணும் சொல்லலை."

அவர் பதறிவிட்டார்.

"ஐயோ, வேண்டாம். தக்காளியே இருக்கட்டும். அதுக்குத்தானே அவ்வளவு பேரும் சிரிச்சாங்க." பஸ்ஸுக்குக் கையைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "ஆனா நான் முட்டைன்னு சொன்னதுக்கு அப்புறம் சொல்லு. முன்னாடி சொல்லிடாதே."