மொட்டைக்கு முன்னால் ஒரு குல்லா

என் மகள் சின்னம்மையின் தலையைப் பார்த்து வாய் திறந்தவர்கள் எல்லாரோடும் நான் சண்டை போட்டிருக்கிறேன். ஒருவர் பாக்கியில்லை.

அது லேசுப்பட்ட சுருட்டை இல்லை. நனைந்தால் இடுப்பைத் தொடும். காய்ந்தால் தோளுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சிலோனில் இருந்தவரை எனக்கு அந்தத் தொல்லை தெரியாது. என் வீட்டுக்காரர் காத்தமுத்துவின் அக்காள் பொன்னாயிக்கும் அதே முடி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பீலியில், மலையிலிருந்து குழாய் வழியே கொட்டும் தண்ணீரில் குளிப்பாட்டி, சிக்கெடுத்து, பின்னிவிடும் வரைக்கும் எல்லாம் அவர் பொறுப்பு. நான் அந்த நேரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். பிறகு இரண்டு சர்க்காரும் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்ததில் எங்களுக்கு இந்தியா என்றும், அவருக்கு அங்கேயே என்றும் ஆகிவிட்டது. நாங்கள் கப்பல் ஏறினோம். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றும் கிடைத்தன.

தலை வாரிவிட மட்டும் ஆள் கிடைக்கவில்லை. நான் சீப்பை எடுத்தாலே பிள்ளை போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டு அடுப்பு அணைந்துவிடும். அந்தப் பக்கத்து வீட்டு ஆண்டாயி, "என்கிட்ட விடு, நான் பாக்காத தலையா" என்று வந்தாள். இரண்டு பல் உடைந்த சீப்போடு திரும்பிப் போனாள். போகிறபோது "தேங்காநாரு" என்று வேறு சொன்னாள். அவளோடு பத்து நாள் பேசவில்லை. டவுனில் புதிதாகப் பெண்களுக்கென்று ஓர் அலங்காரக் கடை திறந்திருந்தார்கள். கொழுந்தெடுத்த கையோடு அங்கேயும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அந்த அம்மாள் ஒரு விரலால் முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரித் தலையெல்லாம் செய்வதில்லை என்றார். ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை வேறு. முடிதிருத்துகிற செல்லக்கண்ணு மட்டும் நேராகப் பேசினார். "வழிச்சு விட்டுட்டா முடிஞ்சுதுங்க."

பள்ளிக்கூடத்தில் டீச்சர் அதற்குமேல் பொறுக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் இரட்டைப் பின்னலும் கறுப்பு ரிப்பனுமாக வரும்போது, என் மகள் மட்டும் காடுமாதிரி வந்து நிற்கிறாளாம். வருகிற திங்கட்கிழமை பின்னலோடு வரவேண்டும், முடியாவிட்டால் மொட்டையோடு வரவேண்டும், இரண்டும் இல்லையென்றால் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு அலுத்துவிட்டது. அன்று சாயங்காலமே தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்று, வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு முடியிறக்குகிறேன், அவள் படிப்பு மட்டும் நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் சின்னம்மை அழவில்லை. சோற்றுத்தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அத்தைக்கும் எனக்கும் ஒரே முடிம்மா. மொட்டையடிச்சிட்டா, அத்தை வர்றப்ப என்னைய எப்படிக் கண்டுபிடிக்கும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. படு என்று அதட்டினேன். காத்தமுத்து அவள் தள்ளிய தட்டை எடுத்து மூடி வைத்தார்.

வேண்டியது வேண்டியாகிவிட்டது. இந்தக் குளிரில் மொட்டைத் தலையோடு பிள்ளையை விட முடியுமா? முதலில் ஒரு குல்லா வேண்டும். மார்க்கெட் படிக்கட்டு ஓரத்தில் லோயிஸ் அக்கா இருந்தார். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசி, புதிதாகப் பின்னிக் கொடுக்கிறவர். காத்தமுத்துவின் கிழிந்த ஸ்வெட்டரையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வியாழக்கிழமை அவரிடம் போனேன்.

லோயிஸ் அக்கா ஒரு நூலைத் தலையைச் சுற்றிப் பிடித்து அளவெடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். கையை எடுக்கவில்லை. முடிக்குள்ளேயே வைத்திருந்தார்.

"ஏனுங்க, இத்தன முடிக்கு மேல குல்லா எதுக்குங்க?"

"முடி நாளைக்கு இருக்காதுக்கா. மொட்டை. சீப்பு எறங்க மாட்டேங்குது, என்னால ஏலாது."

"காஞ்ச முடியில சீப்பப் போட்டா எறங்குமுங்களா?" மடியில் கிடந்த சிக்கு நூலைக் காட்டினார். "இதக் காயவெச்சு மேலிருந்து இழுத்தா முடிச்சு இறுகித்தான் போகும். நனைச்சுப்போட்டு, நுனியில இருந்து வரோணுமுங்க."

நூல் அலசக் காய்ந்துகொண்டிருந்த வெந்நீரை விளாவி, பிள்ளையின் தலையை நனைத்தார். எண்ணெய் தடவினார். முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்தையும் நடுவில் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து விரலாலேயே சிக்கெடுத்தார். அகலப் பல் சீப்பைக் கடைசியில்தான் தொட்டார். நான் சத்தம் வரும் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. பிள்ளைக்குக் கண் சொருகியது.

"அத்தையும் இப்பிடித்தாம்மா கீழருந்து எடுக்கும்" என்றாள் தூக்கத்தில்.

"ஏன்டி இத்தன நாளாச் சொல்லல?"

"சொன்னேனே. அழுதுக்கிட்டே சொன்னேன்."

லோயிஸ் அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. ஈரம் காய்வதற்குள் இரண்டு பின்னலையும் எனக்குக் காட்டிக் காட்டிப் பின்னி முடித்தார். தடியான, பளபளவென்ற இரண்டு பின்னல். வீடுவரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீடு வந்ததும்தான் அது நினைவுக்கு வந்தது. அம்மனிடம் சொன்ன சொல் இருக்கிறதே. பின்னல் கிடைத்துவிட்டது என்று சாமியிடம் போய்க் கணக்குப் பேசவா முடியும்? காத்தமுத்து பிள்ளையின் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அம்மனுக்கு நான் குடுக்குறேன். அவ தலையில இருக்கிறதும் என் தலையில இருக்கிறதும் ஒரே முடிதானே" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் செல்லக்கண்ணுவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். நான் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டேன். அம்மன் கோபித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் பிள்ளையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாராம். கடைசியில் ரிப்பன் பழசு என்றாராம்.

அன்று சாயங்காலம் குல்லாவை வாங்கிக்கொண்டு வந்தேன். பின்னல் போட்ட சின்னம்மையின் தலையில் வைத்தால் மூக்குவரை இறங்கியது. விரித்த முடிக்கு மேல் எடுத்த அளவு அல்லவா? காத்தமுத்துவின் மொட்டைக்கு அது கச்சிதமாக உட்கார்ந்தது. சின்னம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா, இப்ப அத்தை வந்தா உங்கள யாருன்னே தெரியாது."

"உன்னயத் தெரியுமில்ல புள்ள" என்றார் அவர். "உன் பக்கத்துல நிக்கிறது தன் தம்பிதான்னு அக்கா கண்டுபிடிச்சுக்கும்."