மாப்பிள்ளை பார்க்கிறார்

அந்தக் கேமராவுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அம்மாதான். கட்டிலுக்கு எதிரே, அலமாரியின் உச்சியில், முட்டையை நிறுத்தி வைத்தது போல அது இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தன் போனில் அதைத் திறந்தால் இங்கே அதன் நெற்றியில் பச்சை விளக்கு எரியும், அவன் குரலும் அதிலிருந்தே வரும். உடனே அம்மா கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, தம் கட்டி எழுந்து உட்காருவாள். நைட்டியின் கழுத்தை இழுத்து விட்டுக்கொண்டு, முடியை ஒதுக்கி, முகத்தை மலர வைத்துக்கொள்வாள்.

"மாப்பிள்ளை வந்துட்டார்டீ" என்று குரலைத் தாழ்த்தி மகளுக்கும் ஒரு எச்சரிக்கை கொடுப்பாள்.

ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத மகளை வைத்துக்கொண்டு அடிக்கிற ஜோக்கா இது என்று குட்டிக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு பழகிவிட்டது. இந்த வீட்டுக்கு இனி வேறு மாப்பிள்ளை வரப்போவதில்லை, வந்தவருக்காவது மரியாதை கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். குட்டி என்பது அண்ணன் வைத்த பேர். தலை முக்கால்வாசி நரைத்த பிறகும் அது மாறவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை செய்கிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கேமராவை வாங்கி அனுப்பியபோது அண்ணன் சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருந்தது. குட்டி அரை நாள் கடைக்குப் போய்விடுகிறாள், அம்மா தனியாகக் கிடக்கிறாள், யாராவது ஒருவர் கண் இருக்கட்டும் என்றான். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து அம்மாவுக்குக் கால்கள் ஒத்துழைக்கவில்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, திரும்பவும் படுக்கைக்கு என்று எல்லாமே குட்டி தூக்கினால்தான். கைக்கு மட்டும் கொஞ்சம் பலம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை முழுக்க அம்மா மாப்பிள்ளைக்காகச் செலவழித்தாள்.

விளக்கு அணைந்ததும் பார்க்க வேண்டும். அப்படியே சரிந்து விழுவாள். சாயங்காலம் முழுவதும் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகுவாள். குட்டி தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அண்ணன் பார்த்தது அரை மணி நேரக் கச்சேரி, அதற்கான கூலியைக் கொடுப்பது குட்டியின் விரல்கள்.

குட்டியும் அந்த அறைக்குள் ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி ஆகிப்போனாள். கொட்டாவி வந்தால் சமையலறைக்கு ஓடுவாள். அம்மா மேல் எரிச்சல் வந்தால் பாத்திரத்திடம் காட்டுவாள். அறைக்குள் நுழைந்ததும் குரல் தானாகத் தேன் தடவிக்கொள்ளும். கடையில் யாருக்காவது மூக்குப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது போன் அதிரும். 'அம்மா தலகாணி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு பாரு' என்று அண்ணன் எழுதியிருப்பான். இங்கிருந்து கையை நீட்டிச் சரி செய்ய முடியுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். 'சரி அண்ணா' என்று பதில் போடுவாள்.

முன்பெல்லாம் வாரம் தவறாமல் போன் செய்வான். எப்படி இருக்கீங்க என்று ஆரம்பித்தால் பேச்சு ஊரெல்லாம் சுற்றி வந்துதான் நிற்கும். வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போட்டு நேரிலும் வந்துவிடுவான். கேமரா வந்த பிறகு எப்படி இருக்கீங்க என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. வர வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது.

இந்த லட்சணத்தில்தான் குட்டியின் வயிற்றில் கட்டி வந்தது.

"கருப்பையை எடுத்தாகணும். இன்னொரு தடவை தள்ளிப் போட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டரம்மா. "எடுத்த பிறகு ஆறு வாரம் ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. வீட்ல கனமாத் தூக்கற வேலை ஏதாவது இருக்கா?"

குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆள் வைத்துப் பார்க்காமல் இல்லை. வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. வெளி ஆள் தொட்டாலே அம்மா மரக்கட்டை போல விறைத்துக்கொள்வாள், அப்புறம் யாராலும் புரட்ட முடியாது. மகன் வந்தால் மட்டும் சம்மதம். அண்ணனும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வாக்கை நம்பித்தான் குட்டி ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டு வந்தாள். அந்த ஆறு வாரத்தை நினைத்தாலே அவளுக்கு இனித்தது. வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்ற பயத்தைவிட, படுத்துக் கிடக்கலாம் என்ற ஆசை பெரிதாக இருந்தது. அது வெட்கமாகவும் இருந்தது.

நாள் நெருங்கியபோது அண்ணன் வீடியோவில் அழைத்தான். அவன் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளன். பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒரு கையில் ரொட்டி, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. அவனுக்கும் தலைக்கு மேல் வேலைதான், பாவம்.

"குட்டி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தான். அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லு."

"இப்ப லீவு கேட்டா மேனேஜர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். ஏற்கெனவே ஆளக் குறைக்கறாங்க. நானும் தினம் பாத்துட்டுதானே இருக்கேன், அம்மா நல்லாத் தேறிட்டாங்க. அவங்களே எழுந்து உக்காந்துக்கறாங்க."

"அது நீ பாக்கறதால."

"பாக்கறதால யாராலயாவது எழுந்து உக்கார முடியுமா? என்ன பேச்சு இது?"

"முடியுது அண்ணா. தினமும் நடக்குது."

"நீ ரொம்ப அலுத்துப் போயிருக்க. அதான் எல்லாம் பெருசாத் தெரியுது. கொஞ்ச நாளைக்கு ஒரு ஆளப் போட்டுக்கோ. மத்தத நான் கேமராவுல பாத்துக்கறேன்."

"கேமராவுக்குக் கை இருக்கா?"

அண்ணன் ரொட்டியை மென்று முடித்தான். "ரெஸ்ட் எடு குட்டி" என்று மிகவும் அன்பாகச் சொன்னான். அந்த அன்பைக் கேட்டுத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலம் தைலம் தேய்க்கும்போது அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு அவன் பாக்கும்போது எழுந்திருக்காதம்மா."

"ஏன்?"

"நீ எழுந்து உக்காந்தா அவன் வரமாட்டான். அவன் வரலன்னா எனக்கு ஆபரேஷன் கிடையாது."

அம்மா நைட்டியின் கழுத்தை இழுத்து விட்டுக்கொண்டாள். "அவன் அவ்வளவு தூரத்துலேருந்து ஆசையாப் பாக்கறான். நான் பொணம் மாதிரி கிடக்கணுமாடீ?"

"யார் பொணமாக் கிடக்கச் சொன்னா? நெஜமா எப்படி இருக்கியோ அப்படி இரு."

"நெஜத்தத்தான் நீ பாக்கறியே. ஒருத்தர் பாத்தாப் போதாதா?"

குட்டி தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு, கை கழுவப் போனாள்.

மறுநாள் பச்சை விளக்கு எரிந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அதோடு நிற்கவில்லை. "காலைல சுவரைப் பிடிச்சு நாலு அடி நடந்தேன்டா கண்ணா" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யை எடுத்து விட்டாள். அங்கிருந்து அண்ணன் கைதட்டுகிற சத்தம் வந்தது. கேமராவின் கண்ணுக்கு எட்டாத மூலையில் குட்டி மலச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பெற்ற தாயை அவள் வெறுத்தது அந்த ஒரு நாள்தான். ஆனால் மனசார வெறுத்தாள்.

ஆஸ்பத்திரி நாளைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டாள். சொல்லத்தான் கை வரவில்லை. போனை எடுப்பாள், வைப்பாள். அப்படியே சில நாள் ஓடியது.

கடை விடுமுறை நாளில் படுக்கை விரிப்பை மாற்றுவது வழக்கம். அன்று மத்தியானம் அம்மாவைத் தூக்கி, அலமாரியை ஒட்டிப் போட்டிருந்த சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள். இறக்கும்போதே அடிவயிற்றில் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருந்தது. பழைய விரிப்பை உருவினாள். புதியதை விரித்தாள். ஓரத்தைச் செருகக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அம்மாவின் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்தாள். அம்மாவின் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அம்மா நாற்காலியிலேயே கண் அசந்திருந்தாள்.

கேமரா அம்மாவின் தலைக்கு மேலே இருந்தது. குட்டியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. விளக்கு எரிந்ததை இருவருமே பார்க்கவில்லை.

"அம்மா" என்றது குரல். "அம்மா, தூங்கறியா?"

குட்டி அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் உண்மை.

"என்னம்மா, பகல்ல இப்படிச் சுருண்டு படுத்திருக்க? வயித்த வலியா? என்னைப் பாரும்மா." அண்ணனின் குரல் நடுங்கியது. "இந்தக் குட்டி எங்க போனா, இப்படித் தனியா விட்டுட்டு? சரி, பேசாத, கஷ்டப்படாத. நான் வர்றேம்மா. லீவு தரலன்னா போறான், வேலைய விட்டுட்டு வர்றேன். கேக்குதா? நான் வந்து உன் பக்கத்துலயே இருக்கேன்."

இப்படி ஒரு குரல் அவனிடம் இருக்கிறது என்பதே குட்டிக்கு மறந்து போயிருந்தது. சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் இப்படித்தான் பேசுவான். நரைத்த பின்னந்தலையை மட்டும் காட்டிக்கொண்டு சும்மா கிடந்தால் போதும், அவன் வந்துவிடுவான். ஆபரேஷன் நடந்துவிடும். அவள் அதை யோசிக்கத்தான் செய்தாள். ஆனால் அழுகை முந்திக்கொண்டது.

"அண்ணா, நான்தான்" என்றாள்.

"யாரு? குட்டியா?" ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. "அடப்பாவி, உயிரே போயிடுச்சு. அம்மாவோன்னு நெனச்சேன். அம்மா எங்க?"

"இங்கதான். நாற்காலில."

"நல்லாத்தானே இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"அப்பாடா" என்றான் அவன். "சரி, வேலை இருக்கு. அப்புறம் பாக்கறேன்." விளக்கு அணைந்தது.

குட்டி மெல்லப் புரண்டாள். நாற்காலியில் அம்மா கண்ணை அகலத் திறந்து உட்கார்ந்திருந்தாள். எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டவள் போலத்தான் இருந்தது.

"நீ ஏன் படுத்திருக்கன்னு அவன் கேக்கவே இல்லையேடீ" என்றாள் அம்மா.

"அவசரத்துல இருந்திருப்பான்."

அம்மா ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் போதும் என்று தள்ளிவிட்டாள்.

அடுத்த நாள் மாப்பிள்ளை வழக்கமான நேரத்துக்கு வந்தார். பச்சை விளக்கைக் கண்டதும் அம்மாவின் கை பழக்க தோஷத்தில் கட்டில் கம்பிக்குப் போனது. போன கையை அம்மாவே இறக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, இன்னும் எழுந்திருக்கலையா?"

"எழுந்திருக்க முடியாதுடா."

"ஏன், முந்தா நாள்கூட..."

"அன்னிக்கும் முடியாது. நீ பாக்கறியேன்னு எழுந்தேன். நாலு அடி நடந்தேன்னு சொன்னதும் பொய்." அம்மா கேமராவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினாள். "என்னைத் தூக்கறது, கழுவி விடறது, எல்லாம் இவதான். இவளுக்கு உள்ள கட்டி. நேத்து கட்டில்ல ஒருத்தியப் பாத்துப் பதறினியே, அது உன் தங்கச்சி. அவளுக்கும் கொஞ்சம் பதறுடா."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"குட்டி, போர்வைய எடு."

"வேண்டாம்மா."

"எடுடீ. அவன் பாக்கட்டும்."

குட்டி போர்வையை விலக்கினாள், நைட்டி இடுப்புக்கு மேலே சுருண்டு கிடந்தது. குச்சியாகிப் போன கால்கள், இடுப்பில் கட்டியிருந்த டயப்பர், படுத்துப் படுத்துத் தோல் உரிந்த இடத்தில் போட்ட மருந்துப் பட்டை. அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடந்தாள். யார் முன்னாலும் சட்டைப் பொத்தான்கூட அவிழ விடாதவள் அவள்.

"மூடு குட்டி, மூடு" என்றான் அண்ணன். "ஆஸ்பத்திரிக்கு என்னிக்குப் போகணும்? நாள மாத்தாத. நான் அதுக்குள்ள வந்துடறேன்."

விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்திலேயே டிக்கெட்டின் படம் போனுக்கு வந்துவிட்டது. குட்டி அதைப் பெரிதாக்கி, தேதியை இரண்டு தடவை படித்தாள். எத்தனையோ மாதமாகக் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. குதிக்க வேண்டும் போல இருக்கும் என்று நினைத்திருந்தாள், உட்கார வேண்டும் போல்தான் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "வர்றான்மா, நிச்சயமா வர்றான்" என்றாள்.

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. குட்டி போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, அந்தத் தோளில் கை வைத்தாள்.

"அவன் ஒருத்தன் கண்ணுக்குத்தான்டீ நான் நல்லா இருந்தேன்" என்றாள் அம்மா.