ஓமத்துக்கு மேலே ஒரு குழாய்

நாகலிங்கம் இளைய மகளின் கலியாணத்துக்கு மண்டபம் எடுத்ததே மழைக்குப் பயந்துதான்.

மூத்தவள் உதயகலாவின் கலியாணம் வீட்டு வளவில், கிடுகுப் பந்தலின் கீழ் நடந்தது. ஐயர் ஓமம் வளர்த்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒழுகி ஓமகுண்டத்து நெருப்பு புஸ்ஸென்று அணைந்துபோனது. திரும்ப மூட்டித்தான் தாலி கட்டினார்கள். உதயகலா இப்போது புருசன் பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூடச் சொந்த ஊரான புத்தூரில் சொல்வார்கள்: "ஓமம் நூந்த கலியாணமெல்லே."

இளையவள் சிவகௌரியைப் பற்றி அப்படி ஒரு கதை வரக்கூடாது. அதற்காகவே கொங்கிறீற் கூரை போட்ட மண்டபமாகத் தேடிப் பிடித்தார். பதிவு செய்யப் போன அன்று மேடையில் நின்று அண்ணாந்து பார்த்தவருக்குத் திக்கென்றது. கூரை முழுக்கச் சிவப்புக் குழாய்கள் ஓடின.

"உதென்ன பிள்ளை மேலை?"

மண்டபத்தை நடத்தும் மதுரா மெல்லிய குரலில் சொன்னாள். "தீப்பிடிச்சால் தண்ணி தெளிக்கிற குழாய் ஐயா. முதலாளி கனடாவிலை இருக்கிறவர். அங்கத்தைய மாதிரிப் பூட்டுவிச்சவர்."

"ஓமத்துக்கு நேர மேலை தண்ணியோ? நல்ல விளையாட்டு!"

"எல்லாரும் உதைத்தான் கேக்கிறவை. பயப்பிடாதையுங்கோ. தாலி கட்டி முடியுமட்டும் வால்வைப் பூட்டி விடுவம்."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் சரி என்றார்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மணவறை சோடனை நடந்துகொண்டிருந்தபோது, தீயணைப்புப் பிரிவு அதிகாரி கொலின்ஸ் வருடாந்தச் சோதனைக்கு வந்து இறங்கினார். நேரே வால்வடிக்குப் போனார். அது பூட்டிக் கிடந்தது.

"நாளைக்கெல்லோ கலியாணம். இண்டைக்கே ஏன் பூட்டினனீங்கள்?" என்று பின்னால் வந்த நாகலிங்கம் கேட்டார்.

மதுரா நிலத்தைப் பார்த்தாள். போன கலியாணத்துக்குப் பூட்டியது. பிறகு திறக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்து கொலின்ஸ் மேடைக்குக் கீழே இருந்த அறையைத் திறக்கச் சொன்னார். கதவு திறந்ததும் தின்னர் மணம் முகத்தில் அடித்தது. சோடனைக்காரரின் ஸ்பிரே பெயின்ற், ரெஜிபோம் நுரைப் பலகைகள், துணிச் சுருள்கள், ஒரு காஸ் சிலிண்டர். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கலனும் ஒரு பெட்டியும்.

"உந்தக் கலனுக்குள்ளை என்ன?"

"பெற்றோல்," என்றார் நாகலிங்கம். "என்ரைதான். கரண்ட் நிண்டால் ஜெனரேற்றருக்கு."

"பெட்டி?"

"அதும் என்ரைதான். வெடி. மாப்பிள்ளை வந்து இறங்கேக்கை கொளுத்த."

கொலின்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மேலை மணவறை. கீழை பெற்றோலும் வெடியும். தண்ணியும் பூட்டு. அண்ணை, நீங்கள் பொம்பிளையின்ரை தகப்பனோ, இல்லாட்டி வேண்டாதவரோ?"

சோடனைக்காரர் சிரித்தார்கள். நாகலிங்கம் சிரிக்கவில்லை.

"இந்தச் சாமான் எல்லாம் வெளியிலை, காத்தோட்டமான கொட்டிலுக்குப் போகவேணும். வால்வு திறந்து கிடக்கவேணும். காலமை வந்து பாப்பன். இல்லையெண்டால் மண்டபம் திறக்க விடமாட்டன்."

"வால்வு திறந்திருந்தால் என்ரை பிள்ளை உந்த மணவறையிலை இராள்!"

"பூட்டியிருந்தால் ஒருத்தரும் இருக்கேலாது," என்றுவிட்டுக் கொலின்ஸ் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

நாகலிங்கம் மேடைப் படியில் தொப்பென்று இருந்தார். நாளைக்கு நல்ல முகூர்த்தம். வேறு மண்டபம் கிடையாது. வீட்டில் பந்தல் போடுவோமென்றால், வடக்கே வானம் கறுத்துக் கிடந்தது.

மதுரா ஒரு சின்னப் பித்தளைச் சாமானோடு வந்து பக்கத்தில் நின்றாள். அதன் நடுவில் விரல் நகமளவு கண்ணாடிக் குமிழ், உள்ளே சிவப்பு நீர்.

"குழாய் முனையிலை இருக்கிறது இதுதான் ஐயா. நல்லாச் சூடேறினால் குமிழ் உடையும். உடைஞ்சால்தான் தண்ணி வரும். அதும் உடைஞ்ச முனையிலை மட்டும். புகைக்கு உடையாது. ஓமச் சூடு அவ்வளவு உயரத்துக்கு எட்டாது."

"எட்டாதெண்டு தெரிஞ்சுகொண்டே பூட்டினனீர்?"

அவள் முகம் சிவந்தது. "ஆக்கள் பயப்பிடுகினம். எதிர்த்துக் கதைக்க எனக்கு வராது. பூட்டிவிடுறது லேசாக் கிடந்தது."

"வாயாலை சொன்னால் நான் நம்பமாட்டன். காட்டும்."

அப்படித்தான் அந்தச் சோதனை தொடங்கியது. மணவறைக்கு முன்னால், ஓமம் வளர்க்கவிருந்த இடத்தில் செங்கல் அடுக்கி, சிராய் வைத்து மூட்டினார்கள். மதுரா குமிழைக் கம்பியால் நீண்ட கொக்கத்தடி நுனியில் கட்டி, கூரையைத் தொடுமளவுக்கு உயர்த்திப் பிடித்தாள். நாகலிங்கம் சமையலறையிலிருந்து நெய்ப் போத்தலை எடுத்துவந்து நெருப்பில் ஊற்றினார். பலகாரம் சுட வந்திருந்த பெண்களோடு அவர் மனைவி குணலட்சுமியும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்களே ஐயராகிட்டியள். மந்திரத்தையும் சொல்லுங்கோவன்."

"நீ சும்மா இரப்பா."

"நாளைக்குப் பந்தியிலை சோத்துக்கு விட நெய் மிச்சம் வையுங்கோ!"

நெருப்பு அவர் இடுப்பளவுக்கு எழும்பியது. குமிழ் அப்படியே இருந்தது. போத்தல் காலியானது. குமிழ் அப்படியே இருந்தது.

"உது பழுதாக்கும்," என்றார் நாகலிங்கம். "எந்த நெருப்புக்கும் உடையாது."

மதுரா தடியைக் கீழே இறக்கினாள். சுவாலையின் மேல் குமிழ் வந்து சற்று நேரத்தில் 'டிக்' என்றது. கண்ணாடித் தூள் சாம்பலில் விழுந்தது.

நாகலிங்கம் கூரையைப் பார்த்தார். அது எங்கேயோ உயரத்தில் இருந்தது. பிறகு செங்கல்லுக்குக் கீழே இருந்த மேடைப் பலகையைப் பார்த்தார். அந்தப் பலகைக்குக் கீழேதான் அவருடைய பெற்றோல் இருந்தது. நாளைக்கு இதே இடத்தில் சிவகௌரி கூறைச்சேலையோடு இருப்பாள். சுற்றிவரச் சனம் நிற்கும். வால்வு பூட்டியிருக்கும், அவர் கேட்டபடியே.

"முதலிலை நெருப்பை நூருங்கோ," என்று கத்தினார். அவரே ஒரு வாளி தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டு, மேடைக்குக் கீழே குனிந்து போய்க் கலனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியபடி அவர் முன்னால் போக, சோடனைக்காரர் தங்கள் சாமான்களோடு பின்னால் போனார்கள். பொழுதுபடுவதற்கு முன் எல்லாம் வளவின் கோடியிலிருந்த கொட்டிலுக்குப் போய்விட்டது.

"வால்வு, ஐயா?" என்று கேட்டாள் மதுரா.

"திறவும்," என்றார்.

காலையில் கொலின்ஸ் வந்து அறையைப் பார்த்தார். வெறுமையாகக் கிடந்தது. திறந்திருந்த வால்வை இனி ஒருவரும் மூடாதபடி சங்கிலி போட்டுப் பூட்டி, பூட்டின் திறப்பைத் தன் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வெளியே மழை கொட்டியது. மேளம் உச்சத்துக்குப் போனது. எல்லோரும் மணமக்களைப் பார்க்க, நாகலிங்கம் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓமப்புகை நேரே மேலேறிச் சிவப்புக் குழாயைச் சுற்றிப் படர்ந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து நாகலிங்கத்தின் வழுக்கைத் தலையில் குளிராக ஒரு துளி விழுந்தது.

அவர் உறைந்துபோனார். தூண் ஓரத்தில் நின்ற மதுராவைப் பார்த்தார். அவளும் அவர் முகத்தைப் பார்த்துப் பதறி அண்ணாந்தாள். இன்னொரு துளி விழுந்தது. அதில் ரோசாப்பூ மணம் இருந்தது.

திரும்பினார். பின்னால் உதயகலா பன்னீர்ச் செம்போடு நின்று, வந்தவர்கள் மேல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, பேயைக் கண்ட மாதிரிப் பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை," என்றார் நாகலிங்கம். "ஓமத்துப் பக்கம் போகாமல் தெளி."