பச்சை நரி

பையைத் திறந்ததும் டிலக்ஷி முதலில் இழுத்து வெளியே எடுத்தது வாலைத்தான். நல்ல தடித்த வால். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு, “எப்பிடிடி இருக்கு?” என்றாள்.

மேடைக்குப் பின்னறையில் நிலுக்ஷி அந்த வாலைத் தொட்டுப் பார்த்தாள். வால் பச்சையாக இருந்தது.

நரிக்கு எங்கேயாவது பச்சை வால் இருக்குமா? அதுவும் இந்த நரிக்கு? கார்ட்டூன் வேஷம் போட்டு கொஸ்ப்ளே செய்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த ஜப்பான் கார்ட்டூனின் இரட்டை நரிகளைத் தெரியும். சுனே, தொயே என்று அக்கா தங்கச்சி. காது முதல் வால் நுனி வரை செம்மஞ்சள். நிலுக்ஷியின் உடுப்பு கதிரையின் மேல் கிடந்தது. கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கித் தேடிப்பிடித்த அச்சொட்டான செம்மஞ்சள்.

பதுளையில் கொஸ்ப்ளே விழா நடப்பது இதுதான் முதல் தடவை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் ஷிராஸ்தான் ஓடியாடி மண்டபம் எடுத்து, கண்டி, கொழும்புக் கூட்டத்தையெல்லாம் வரவழைத்திருந்தான். கொழும்பில் வேலை பார்க்கும் நிலுக்ஷி அந்தக் கூட்டத்துக்குப் பழகிய முகம். கார்ட்டூனில் இருக்கிற மாதிரியே உடுத்தியிருக்கிறோமா என்பதற்குத்தான் அங்கே புள்ளி. ஒரு பொத்தான் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நிலுக்ஷியிடம் இதுவரை யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை. இன்றைக்கும் கண்டுபிடிக்கக் கூடாது என்ற வைராக்கியத்தோடுதான் ரயில் ஏறியிருந்தாள்.

ஜோடிப் போட்டி என்று ஷிராஸ் சொன்னதும் அவளுக்கு வேறு யாருடைய முகமும் நினைவுக்கு வரவில்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் டிலக்ஷி. இவள் கெம்பஸ் போனாள், அவள் கார்மென்டுக்குத் தைக்கப் போனாள்.

“படம் அனுப்பவாடி?” என்று போனில் கேட்டதற்கு, “எனக்கா? அந்த நரிய நீ எனக்கா காட்டப் போற? போடி அங்கிட்டு” என்று டிலக்ஷி போனை வைத்துவிட்டாள். நிலுக்ஷியும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

விஷயம் இதுதான். டிலக்ஷியின் அப்பா ஜொனி மாமா வாங்கி வந்த பழைய டீவியில் சிவப்பு செத்துப் போயிருந்தது. செய்தி வாசிக்கிற அம்மா, கிரிக்கெட் பந்து, விளம்பரத்து அப்பிள் எல்லாமே பச்சையும் நீலமும்தான். லயத்தில் அப்போது வேறு டீவி இல்லாததால் அதைக் குறை என்று யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு ஜொனி மாமா வீட்டில் கூடிவிடுவார்கள். கால் கழுவாதவனை டிலக்ஷியின் அம்மா மரியகொரட்டி அத்தை வாசலோடு விரட்டிவிடுவாள். கார்ட்டூன் சிங்களத்தில் பேசும். நிலுக்ஷிதான் எல்லோருக்கும் தமிழில் சொல்லுவாள். தெரிந்ததைச் சொல்லுவாள், தெரியாததை அவளே உண்டாக்கிச் சொல்லுவாள். அவள் உண்டாக்கிய பாதிதான் நன்றாக இருக்கும்.

“நரி ஏன்டி பச்சையா இருக்கு?” என்று ஒருநாள் பக்கத்து வீட்டு றோய் கேட்டான்.

“தேயிலைக்குள்ள ஒளியணும்ல லூசு” என்றாள் டிலக்ஷி. அதோடு அந்தக் கேள்வி தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆட்டம் தொடங்கும். கொழுந்து பறிக்கும்போது அம்மாமார் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை முறுக்கி வாலாக்கிக்கொள்வார்கள். காதுக்குத் தேயிலைக் கொத்து. றோய்தான் எப்போதும் வேட்டைக்காரன். எப்போதும் அவன்தான் சாவான். படங்கு கிழிந்ததற்கு வாங்கிய அடி வேறு கதை. அந்த அடியைக்கூட இன்று நினைத்தால் நிலுக்ஷிக்கு இனிக்கும்.

கெம்பஸ் முதல் வருடம் ஹொஸ்டலில் ஒருத்தியின் லெப்டொப்பில் அதே கார்ட்டூன் ஓடியது. செம்மஞ்சள் நரிகள். “இது பச்சை இல்லையா?” என்று நிலுக்ஷி யோசிக்காமல் கேட்டுவிட்டாள். அறையே சிரித்தது. “அது தோட்டக்காட்டு நரியா இருக்கும்” என்று, தோட்டத்து ஆட்களை இளக்காரம் செய்யும் சொல்லால் குத்தினாள் ஒரு கொழும்புக்காரி. அன்று அவளை அறையாமல் விட்டதற்கு நிலுக்ஷி இன்னமும் வருந்துகிறாள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நிறத்தையும் மனப்பாடம் செய்தாள். ஊருக்கு வரும்போதெல்லாம் டிலக்ஷியிடம் மட்டும் சொல்லாமல் மறைத்தாள். அந்தச் சிரிப்பு அந்தச் சுவர் வரைக்கும் வரவேண்டாம் என்று நினைத்தாள்.

“என்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்ற டிலக்ஷி இப்போதுதான் கதிரையைப் பார்த்தாள். “இது என்னா கலரு?”

“இதுதான்டி நிஜக் கலர். ஒங்க வீட்டு டீவி பழுது. அதுல சிவப்பே வரல. அதான் ஒரேஞ்ச் எல்லாம் பச்சையா தெரிஞ்சிருக்கு.”

“அப்ப நரி?”

“ஒரேஞ்ச்.”

டிலக்ஷி வாலைத் தடவிக்கொண்டே நின்றாள். “எப்ப இருந்து தெரியும் ஒனக்கு?”

“கெம்பஸ் போன வருசம்.”

“அடிப்பாவி. இத்தன வருசமா நான் மட்டும் பச்சையிலயே இருந்திருக்கேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வாலைத் திரும்பப் பைக்குள் திணிக்கத் தொடங்கிவிட்டாள். “நீ தனியா போடி. நான் கீழ ஒக்காந்து கை தட்டுறேன். ஒன்னு ஒரேஞ்ச், ஒன்னு பச்ச. நாம என்னா, ட்ரஃபிக் லைட்டா?”

பைக்குள் இன்னொரு வால் கிடந்தது.

“இது யாருக்கு?”

“எங்க அப்பாவுக்கு. கேக்குறா பாரு கேள்வி.”

நிலுக்ஷி அதை எடுத்துப் பார்த்தாள். இடுப்புப் பட்டியின் உள்பக்கம் முழுக்க மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்திருந்தது. சாக்கு குத்துகிறது, சொறிகிறது என்று சின்ன வயதில் ஆட்டத்துக்கு ஆட்டம் அழுதவள் நிலுக்ஷிதான். டிலக்ஷியின் வாலில் அந்தத் துணி இல்லை.

வெள்ளி நிற விக் போட்ட கொழும்புப் பிள்ளை ஒன்று அவர்களைத் தாண்டிப் போகும்போது நின்றது. “நரிதானே அக்கா? கலர் பிழை இல்லையா?”

அதே ஹொஸ்டல் அறை, அதே சிரிப்பு நிலுக்ஷியின் காதில் குப்பென்று ஏறியது. இத்தனை வருடம் எதற்குப் பயந்து பயந்து நிறம் பார்த்தாளோ, அது இதோ கண் முன்னால் விக் போட்டுக்கொண்டு நிற்கிறது. டிலக்ஷி தலையைக் குனிந்து பையின் ஜிப்பை இழுத்தாள்.

“பிழைதான் தங்கச்சி. நீங்க போய் விக்க நேராக்குங்க, ஒரு பக்கமா இழுத்துட்டு நிக்கிது” என்றாள் நிலுக்ஷி. செம்மஞ்சள் உடுப்பைச் சுருட்டிக் கதிரைக்கு அடியில் போட்டாள். “எடுடி அந்தப் பச்சையெல்லாம்.”

“நிலு, புள்ளி போயிரும்டி.”

“எடுன்னா எடு.”

ஷிராஸ் கதவால் எட்டிப் பார்த்தான். “நிலுக்ஷி, அடுத்தது நீங்கதான்... யா அல்லாஹ், இது என்ன கலர்?”

“தோட்டக்காட்டுக் கலர். நீங்க பேரக் கூப்பிடுங்க.”

மேடையில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நடுவர் கையிலிருந்த போனையும் அவர்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பச்சை நரிகள் எந்தப் பாகத்தில் வருகின்றன என்று சிங்களத்தில் கேட்டார். நிலுக்ஷி விளக்கம் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருக்கும்போதே டிலக்ஷி மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

“எங்க வீட்டு டீவியில வந்திச்சுங்க!”

மண்டபம் சிரித்தது. அது எந்த வகைச் சிரிப்பு என்று நிலுக்ஷி நிறுத்துப் பார்ப்பதற்குள் டிலக்ஷி பாய்ந்துவிட்டாள். தப்பான பாய்ச்சல். கார்ட்டூனில் நரிகள் முதுகோடு முதுகு சேர்ந்து பெரிய வட்டமாகச் சுற்றும். லயத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பு சுற்றுவதற்கு அகலம் காணாது என்பதால் ஒருத்தியின் கைக்குக் கீழே மற்றவள் புகுந்து வருவதாக அவர்கள் மாற்றி வைத்திருந்தார்கள். டிலக்ஷிக்குத் தெரிந்தது அது மட்டும்தான். இவ்வளவு பெரிய மேடையில் இஸ்தோப்பு அளவுக்குள்ளேயே நின்று கையை உயர்த்தினாள்.

நடுவர் எதையோ வெட்டி எழுதுவது தெரிந்தது. போகட்டும்.

“குனிடி!” என்றாள் டிலக்ஷி.

நிலுக்ஷி குனிந்து கைக்குக் கீழே புகுந்தாள். வெளியே வந்தபோது மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. இரண்டு பேரும் ஒருத்திமேல் ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

“என் வால மிதிக்கிற, எருமை!” என்றாள் டிலக்ஷி.

“ஒன் வால் இல்லடி, அது என் வாலு.”