சுரங்க அலுவலகத்து விரிசல்

அலுவலகக் கூடத்தின் மேற்குச் சுவரில் விழுந்த விரிசலுக்குள் கொத்தனார் அல்ஃபோன்ஸின் கை மணிக்கட்டு வரை போனது. ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில், அந்த ஊருக்கு அரசாங்கச் சுரங்க அலுவலகம் வந்து நூறாண்டு ஆகிறது. மறுநாள் விழா, அமைச்சர் வருகிறார். அதற்குள் விரிசல் மறைய வேண்டும்.

"உள்ள இரும்பு வச்சுக் கட்டாம வெறும் பூச்சு நிக்காதுடா" என்றான் கூட்டாளி புரூனோ.

"நிக்கக் கூடாதுன்னுதான் பூசறேன்."

அல்ஃபோன்ஸ் கிழிசல் காகிதங்களைத் திணித்து, மேலே மெல்லச் சாந்து இழுத்தான்.

போன குளிர்காலத்தில் அவன் வீட்டுச் சுவர் பிளந்தது. அடியில் நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நஷ்டஈடு கேட்டு இதே கூடத்தில் தொப்பியும் கையுமாக நின்றபோது, அதிகாரி ஓவர்வெக் அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "சுரங்கத்தால வந்தது இல்லப்பா. நீ கட்டின லட்சணம்." காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சாராயக்கடையில் இன்னும் அவனுக்கு 'லட்சணம்' என்றுதான் பெயர்.

ஓவர்வெக் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, நாளைக்குத் தாங்குமா?"

"என் வேலை லட்சணம் ஐயாவுக்குத் தெரியாததா?"

அவருக்கு எதுவும் நினைவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் அமைச்சர் பேசிக்கொண்டிருந்தபோது பூமிக்கடியில் வெடி வைத்தார்கள். கூடம் லேசாக நடுங்கியது. பூச்சு பாளமாகப் பெயர்ந்து ஓவர்வெக்கின் தோளில் கொட்டியது. காகிதச் சுருள்கள் வெளியே தொங்கின. பின்வரிசையிலிருந்து அல்ஃபோன்ஸ் குரல் கொடுத்தான்:

"சுரங்கத்தால வந்ததுங்களா ஐயா, இல்ல கட்டின லட்சணமா?"

அமைச்சர் திரும்பிப் பார்த்தார். ஓவர்வெக் முகம் சிவந்து கத்தினார்: "சுரங்கத்தாலதான்! கீழ வெட்டறானுங்க, வேற எதனால வரும்?"

"என் வீடும் இதே தெருவுலதாங்க இருக்கு."

புரூனோ வாய்விட்டுச் சிரித்தான். பலரும் சேர்ந்துகொண்டார்கள். இந்த முறை சிரிப்பு ஓவர்வெக்கை நோக்கி. அன்றிரவு அல்ஃபோன்ஸ் நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் மேஸ்திரி அவனை வேலையைவிட்டு நிறுத்தினான். நஷ்டஈடு கேட்டுப் போனவனை வாயிற்காவலர் உள்ளேயே விடவில்லை. ஓவர்வெக் அமைச்சர் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டதால், அலுவலகத்துக்கு மட்டும் சுரங்கக் கம்பெனியின் செலவில் ஒரே வாரத்தில் இரும்பு விட்டங்கள் வந்து இறங்க ஏற்பாடானது.

விட்டங்களை ஏற்றிவந்த லாரி தெருமுனையில் திரும்ப முடியாமல் நின்றது. அல்ஃபோன்ஸின் சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்த மரங்கள் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன.

"எடுய்யா அதை, அரசாங்க வேலைக்குப் போற வண்டி" என்றார் போலீஸ்காரர்.

"எடுத்தா சுவர் விழுந்துடும்."

"எடுங்கறேன்!"

அல்ஃபோன்ஸ் மரங்களை ஒவ்வொன்றாக உருவினான். அவன் மனைவி ஹெட்விக் ஓடிவந்து, முழங்கை வரை மாவு ஒட்டியிருக்க, இரு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றி நின்றாள். விட்டங்கள் ஒன்றோடொன்று மோத, லாரி அவள் முதுகை உரசினாற்போல மெதுவாகக் கடந்து போனது.