பல் போன டயர்

அந்த ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகியும் அவளுக்குத் தெரிந்த முகங்கள் மூன்றுதான். வாய்கள் மட்டும் முந்நூறுக்கு மேல் தெரியும். அவள் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தாள். பல் டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சுகளை வைத்துக்கொண்டு, விழுந்த பல்லுக்குப் பதில் பல்லை மெழுகில் செதுக்கி, பீங்கானில் வார்த்து, சூளையில் சுட்டு எடுப்பாள். அச்சைக் கையில் எடுத்ததுமே, இவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர், இவர் வலப்பக்கமே மெல்லுகிறவர் என்று சொல்லிவிடுவாள். அதே ஆள் தெருவில் வந்து மோதினாலும் அவளுக்கு யாரென்று தெரியாது.

தெரிந்த மூன்று முகங்களில் ஒன்று முதலாளியம்மா. இன்னொன்று பக்கத்து மேசைக்காரர். காலையில் காதில் பாட்டை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவார். மூன்றாவது வீட்டுக்காரம்மா. அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் படிக்கட்டில் காத்திருப்பார்.

"மறுபடியும் படியெல்லாம் மண்ணு. நீங்க சைக்கிள் ஓட்டப் போறீங்களா, வயல் உழப் போறீங்களா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அவளுடையது சாலையில் ஓட்டுகிற சைக்கிள் அல்ல. கல்லும் வேரும் பள்ளமும் நிறைந்த மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த, தடித்த டயர் வண்டி. மூன்று மாடிக்குத் தோளில் சுமந்து ஏற்றி, அறையின் நல்ல சுவரை அதற்குக் கொடுத்துவிட்டு, கட்டிலை மூலைக்குத் தள்ளியிருந்தாள்.

பழைய ஊரில் அவளைச் சேர்த்து நான்கு பேர் ஏழு வருடம் ஒன்றாக ஓட்டினார்கள். அவள் இங்கே வந்த முதல் மாதம், மற்ற மூவரும் 'நீ இல்லாம நல்லாவே இல்ல' என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் மாதம் ஒரு படம் வந்தது. எப்போதும் அவள் முதலில் குதிக்கும் பாறையின் மேல், மஞ்சள் ஹெல்மெட் போட்ட யாரோ ஒரு பெண் நின்றிருந்தாள். இவள் அந்தப் படத்துக்கு ஒரு இதயக்குறி போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கழுவி வைத்திருந்த தட்டை இன்னொரு முறை கழுவினாள்.

இந்த ஊரில் பாதை தேடி அவள் அலையாத இடமில்லை. போனில் பார்த்துப் போன முதல் இடத்தில் இரும்புக் கதவும் பூட்டும் இருந்தன. இரண்டாவது இடம் குப்பைமேடு. அங்கே நாய்கள் அவளை ஒரு கிலோமீட்டர் தூரம் வழியனுப்பி வைத்தன. மூன்றாவது இடத்தில் பாதை இருந்ததாகவும், இப்போது அதன் மேல் குடியிருப்பு இருப்பதாகவும் காவலாளி சொன்னார். கடைசியில் சைக்கிள் கடை மெக்கானிக்கிடம் போய் நின்றாள்.

"மலைக்கு எங்கங்க போறது இந்த ஊர்ல?" முழங்கை வரை கிரீஸோடு அவர் சிரித்தார். "ஒரு குன்று இருக்கு. அதுலயும் பாதி தண்ணித்தொட்டி. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்குப் பாலத்தடியில ஒரு கூட்டம் சேரும். போய் நில்லுங்க, சேர்த்துப்பாங்க."

போய் நின்றாள். ஒன்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் 'கேப்டன்' என்று கூப்பிட்ட ஆள் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க, வாங்க! எந்த ஊரு? எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?"

முதல் கேள்விக்கு அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள், ஒருவர் யாரோ ஓடையில் விழுந்த பழைய கதையை எடுத்துவிட்டார். ஒன்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். இரண்டாவது கேள்வியை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

ஓட்டத் தொடங்கியதும் எல்லோரும் வேகம் பிடித்தார்கள். குன்றின் நடுவில் அவளுடைய சங்கிலி கழன்றது. மாட்டிவிட்டு நிமிர்ந்தால் முன்னே யாரும் இல்லை. பாதை அங்கே இரண்டாகப் பிரிந்தது. எதில் போனார்கள் என்று தெரியவில்லை. யாராவது திரும்பி வருவார்கள் என்று அங்கேயே நின்றாள். அரை மணி நேரம் கழித்துப் போன் ஒலித்தது. அன்று காலைதான் அவளைத் தங்கள் வாட்ஸப் குழுவில் சேர்த்திருந்தார்கள். 'எல்லாரும் வந்தாச்சா?' என்று கேப்டன் கேட்டிருந்தார். 'எல்லாரும் ஆஜர்!' என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். கூடவே ஒரு சாப்பாட்டு மேசையின் படம். அவள் தலைகளை எண்ணினாள். ஒன்பது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

'நான் இன்னும் இங்கதான் நிக்கிறேன்' என்று தட்டினாள். பிறகு அழித்தாள்.

வந்த வழியே திரும்பாமல், தண்ணீர்த்தொட்டியைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். அப்படி இறங்கும்போதுதான் அந்த ஒற்றையடிப் பாதை கண்ணில் பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆடு போகும் தடம். இரண்டு வளைவு தாண்டியதும் புரிந்தது, இது யாரோ பார்த்துப் பார்த்துச் செய்தது. வளைவுகளில் மண் சாய்வாக அணைக்கப்பட்டிருந்தது. வேர்களுக்கு நடுவே, சக்கரம் இறங்குகிற இடத்தில் அளவாகக் கல் பதிக்கப்பட்டிருந்தது. கடைசி இறக்கத்தில் வண்டி தானாகப் பறந்து தானாக இறங்கியது. அவள் அடிவயிறு கூசியது. நான்கு மாதத்தில் முதல் தடவை.

ஈர மண்ணில் ஒரே ஒரு சைக்கிளின் டயர்த் தடம் இருந்தது. அவள் குனிந்து, அச்சைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பின்சக்கரத் தடத்தில், ரப்பர்ப் பற்களின் வரிசையில் ஒன்று இல்லை. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடைவெளியைப் பதித்துக்கொண்டே போயிருந்தது. 'பல்லு போனவர்' என்று பேர் வைத்தாள்.

அடுத்த ஞாயிறும் பல்லு போனவர் அவளுக்கு முன்பே வந்து போயிருந்தார். பாதையில் விழுந்து கிடந்த கிளையை அவள் இழுத்து ஓரமாகப் போட்டாள். மறுவாரம் அந்தக் கிளை வளைவின் கரைக்கு முட்டுக்கொடுத்து நின்றது. அவள் சிறு ரம்பம் வாங்கிப்போய் முள்ளை வெட்டினாள். வெட்டிய முள்ளை யாரோ அடுக்கி, தவறான குறுக்குவழியை அடைத்திருந்தார்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே போட ஒரு பலகைக்கல்லை இழுத்துப் பார்த்தாள். பாதி தூரத்தில் இடுப்பு விட்டுப்போனது. ஏழு நாள் கழித்து வந்தால் கல் கச்சிதமாக வாய்க்கால் மேல் கிடந்தது. ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாக இருந்தது.

ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று விடியும்போதே வந்தாள். உச்சி வெயிலில் வந்தாள். எப்போது வந்தாலும் தடம் மட்டும் இருந்தது.

"யாராவது பழக்கமாச்சாம்மா?" என்று அண்ணன் போனில் கேட்டான்.

"ஒருத்தர் இருக்கார்ண்ணா."

"பேரு?"

"கேக்கல."

"என்ன வேலை பார்க்கிறார்?"

"தெரியலையே."

"ஏம்மா, நெஜமாவே ஆள் இருக்காரா?"

"இருக்கார்ண்ணா. கல்லெல்லாம் தூக்கி வெச்சிருக்காரே."

அண்ணன், "இரு, அண்ணிகிட்ட குடுக்கிறேன்" என்றான்.

இப்படி ஏழெட்டு வாரம் போனது. ஒரு ஞாயிறு தடத்தைக் காணவில்லை. மழையில் அழிந்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு, அவளுடைய போன வாரத்துத் தடமும் ஒரு நாயின் காலடியும் மட்டும் இருந்தன. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு சரிவிலும் எட்டிப் பார்த்துக்கொண்டே பாதை முழுக்க நடந்தாள். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் சைக்கிள் கடையில் ஏறினாள்.

"உங்ககிட்ட வர்ற வண்டியில, பின் டயர்ல ஒரு பல்லு இல்லாதது ஏதாவது..."

மெக்கானிக் அவளை ஒரு மாதிரி பார்த்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மேலே காட்டினார். கூரைக் கொக்கியில் ஒரு பச்சை சைக்கிள் தொங்கியது. அவள் எட்டி, பின்சக்கரத்தை மெல்லச் சுற்றினாள். இடைவெளி வந்ததும் நிறுத்தி, அதில் விரலை வைத்தாள்.

"ஊரை விட்டுப் போயாச்சு. வித்துக் குடுக்கச் சொல்லி விட்டுட்டுப் போயிருக்காங்க. டவுன் பஸ் ஓட்டிட்டு இருந்தாங்களே, அந்த அக்கா."

"அக்காவா?"

அவள் மனதில் இருந்தது நெடுநெடுவென்று வளர்ந்த ஓர் ஆண். மெக்கானிக் அந்த அக்காவிடம் கேட்டுவிட்டு நம்பரைக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"யாரு?"

"நான் வந்து... தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி, அந்தப் பாதையில..."

"அட, ஞாயித்துக்கிழமையா!" என்று எதிர்முனையில் ஒரு கூச்சல். "உனக்கு அதாம்மா நான் வெச்ச பேரு. எனக்கு சனிக்கிழமை மட்டுந்தான் லீவு. வந்து பார்த்தா ஆறு நாள் காஞ்ச உன் தடம் இருக்கும். சரி, இந்த ஆளு ஞாயித்துக்கிழமை ஆளுன்னு நெனச்சுப்பேன்."

"சனிக்கிழமை எங்களுக்கு வேலைக்கா."

"போச்சு போ. ஒருத்தி ஒரு நாள் லீவு போட்டிருந்தா முடிஞ்சுபோற விஷயம்."

"நான் உங்களை ஆம்பளைன்னு நெனச்சேன்."

"நீ முள்ளு வெட்டின லட்சணத்தைப் பார்த்து நானும் அப்படித்தான் நெனச்சேன்."

இருவரும் சிரித்தார்கள்.

"ஒரு சீட்டு எழுதிக் கல்லுக்கடியில வெச்சிருக்கலாம்ல நீ?" என்றாள் பஸ்காரக்கா.

"நீங்களும் வெக்கலையே."

"ரெண்டு தடவை எழுதினேன். எவளோ பைத்தியம்னு நெனச்சுடுவாங்களோன்னு கிழிச்சுட்டேன்."

அக்கா தொடர்ந்து பேசினாள். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டாராம். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அந்த வீட்டில் சைக்கிள் வைக்க இடமும் இல்லை, ஓட்ட நேரமும் இல்லை.

"ஆறு வருஷமாப் போட்ட பாதைம்மா அது. யாரையும் கூட்டிட்டு வரல. எனக்கே எனக்குன்னு வெச்சுக்கிட்டேன். அது தப்புன்னு இப்பத் தோணுது. நல்ல மழை ஒண்ணு பேஞ்சா புல்லு மூடிடும். உன் ஒருத்தியால ஆகாது. யாரையாவது சேர்த்துக்கோ." அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிடும் குரல். "இதோ வந்துட்டேன்ப்பா! வெச்சுடட்டுமா?"

அந்த ஞாயிறு அவள் மறுபடி பாலத்தடிக்குப் போனாள்.

"அட, ரொம்ப நாளா ஆளையே காணோம்!" என்றார் கேப்டன்.

"முதல் நாளே காணாமப் போயிட்டேன். நீங்கதான் கவனிக்கல."

கேப்டன் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டார். சண்டைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, அவள் பாதையைப் பற்றிச் சொன்னாள். புல் வெட்ட, மண் அணைக்க ஆள் வேண்டும் என்றாள். ஆறு பேர் வருவதாகக் கையடித்துச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் வந்தது ஒரே ஒருவர். மருந்துக்கடைக்காரர். குழுவில் எப்போதும் கடைசியாக மூச்சிரைக்க வருகிறவர். கையிலிருந்த புது அரிவாளின் கைப்பிடியில் விலைச் சீட்டுக்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. மூட்டுவலி, மகளின் படிப்பு, மாத்திரை பேர்களைத் தப்பாகச் சொல்லும் வாடிக்கையாளர்கள் என்று வளைவுக்கு வளைவு ஒரு கதை. கடைசி இறக்கத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, அதைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் அவர் பேசப் பேச, ஒரு வார்த்தை பேசாமல் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனவளை அவள் மனம் தேடிக்கொண்டிருந்தது.

மருந்துக்கடைக்காரர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்தார். பஸ்காரக்காவோடு முதலில் வாரம் ஒரு முறை பேச்சு இருந்தது. அப்பாவுக்கு முடியாமல் போகப் போக, அதுவும் குறைந்தது. பச்சை சைக்கிளை யாரோ வாங்கிப் போனார்கள். யாரென்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. மழைக்காலம் வந்தது. இரண்டு பேரும் எவ்வளவு வெட்டியும் கீழேயிருந்து மூன்றாவது வளைவு வரைதான் பாதையைக் காப்பாற்ற முடிந்தது. அதற்கு மேலே புல் இடுப்பளவு எழும்பி நின்றது.

மழை விட்ட முதல் ஞாயிறு, மகளுக்குப் பரீட்சை, வரவில்லை என்று மருந்துக்கடைக்காரர் செய்தி அனுப்பினார். அவள் தனியாகப் போனாள். மூன்றாவது வளைவில் நின்று, மேலே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த கீழ்ப்பாதியையே நான்கு முறை ஏறி இறங்கினாள். நான்காவது முறை இறங்கியபோது நன்றாகப் பசித்தது. வீட்டுக்குப் போனாள்.