ஏழாவது கேள்வி

"சத்தம் வர்றது, படம் மட்டும் கறுப்பா இருக்கு" என்று மந்தைவெளியிலிருந்து ஒருவர் போனில் சொன்னதும் சரண்யாவுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. தினமும் இதே புகார் பத்துப் பேரிடமிருந்து வரும். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், கச்சேரிகளை இணையத்தில் காட்டும் கம்பெனிக்காகப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. கேட்க வேண்டிய கேள்விகள் பதினொன்றும் வரிசையாகத் திரையில் இருக்கும். இரண்டாவது, பிரவுசரில் சேர்ந்திருப்பதை எல்லாம் அழிக்கச் சொல்வது. ஏழாவது, கம்ப்யூட்டரோடு டிவி ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று கேட்பது. ஆறு நிமிஷத்துக்குள் பேச்சை முடிக்காவிட்டால் டீம் லீடர் பாலகணேஷ் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவான். ஆறு நிமிஷத்தில் ஏழாவது கேள்வி வரைக்கும் போன புண்ணியவான் அந்த ஆபீசில் யாரும் கிடையாது. இரண்டாவதிலேயே பத்தில் ஆறு பேருக்குச் சரியாகிவிடும். மீதி நாலு பேரைப் பற்றி யாருக்குக் கவலை.

பேசியவர் பத்ரிநாராயணன், ரிடையரான கெமிஸ்ட்ரி வாத்தியார். மவுஸுக்கு ஒரு கை, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கை வேண்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார். சோதனைக்கூடத்தில் அமிலம் ஊற்றுகிறவர் போல ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துவிட்டுத்தான் அமுக்கினார். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் நின்றார்.

"எல்லாத்தையும் அழிச்சா நான் இறக்கி வெச்சிருக்கற கச்சேரியும் போயிடாதோ?"

"ஒண்ணும் போகாது சார். உங்க அக்கவுண்ட்லயே இருக்கும்" என்றாள் சரண்யா. தினமும் பத்து தரம் சொல்கிற வார்த்தை, யோசிக்காமலே வாயில் வந்தது. அவர் அமுக்கினார். மறுபடி உள்ளே போய்ப் பார்த்தால் கச்சேரியைக் காணோம்.

சரண்யா தன் திரையில் தேடினாள். அந்தக் கச்சேரியை நடத்திய சபாவோடு கம்பெனிக்கு இருந்த ஒப்பந்தம் ஆடி மாசமே முடிந்திருந்தது. அதற்கு முன்னால் இறக்கி வைத்தவர்கள் மட்டும், இறக்கிய பிரவுசரில் மட்டும் பார்க்கலாம். வீடியோவுக்குக் கம்பெனி போட்டிருக்கும் பூட்டின் சாவி அந்த பிரவுசருக்குள்தான் இருக்கும். அதைத்தான் இப்போது அழிக்கச் சொல்லியிருந்தாள்.

மனிதர் பேச்சுவாக்கில் மீதியையும் சொன்னார். அது அவர் மனைவி ஹம்சா வாசித்த வயலின் கச்சேரி. எட்டு மாசத்துக்கு முன்னால் ஹம்சாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விரல்கள் நின்றுபோயின. தினமும் காலையில் அந்த வீடியோவில் தன் விரல்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பழகுகிறாள். போன வாரம்தான் மோதிர விரல் மடங்கியது. லேப்டாப்பில் விரல் சின்னதாகத் தெரிகிறது என்று நேற்று தம்பி பிள்ளை வந்து, ஒரு பழைய கேபிளில் பெரிய டிவியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனானாம்.

கேபிள் என்றதும் சரண்யா திரையில் ஏழாவது கேள்வியைப் பார்த்தாள். நகல் எடுத்துவிடுவார்கள் என்று, பூட்டுப் போட்ட வீடியோ பழைய கேபிளை நம்பாது. சத்தத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் படத்தை நிறுத்திக்கொள்ளும். கேபிளைப் பிடுங்கியிருந்தால் போதும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிட்டது. விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

பாலகணேஷ் முழுசாகக் கேட்டுக்கொண்டான். கெட்டவன் இல்லை, போன மாசம் அவனுக்கே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. சபாவுக்கும் கம்பெனிக்கும் சண்டை, சாவி மறுபடி தர வழியே இல்லை என்றான். "கஸ்டமர் தப்பா அழிச்சிட்டார்னு நோட் போட்டு குளோஸ் பண்ணு. நீ சொல்லித்தான்னு வந்துச்சுன்னா உன்னையும் என்னையும் சேர்த்துத் தூக்கிடுவாங்க."

அவள் கூப்பிட்டு, கச்சேரி திரும்பி வராது என்றாள்.

"நாந்தான் ஏதோ கூடுதலா ஒரு டிக் போட்டுத் தொலைச்சுட்டேனோ?"

"இருக்கலாம் சார்" என்றாள் சரண்யா.

ரெண்டே ரெண்டு வார்த்தை. அவர் நன்றி சொல்லி வைத்தார். அடுத்த நிமிஷம் திரையில் அவர் கொடுத்த ஐந்து நட்சத்திரம் வந்து விழுந்தது, கூடவே 'மிகவும் பொறுமையான பெண்' என்று ஒரு வரி. பாலகணேஷ் அதைப் பார்த்துவிட்டு அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவளுக்கு அழுகை வந்தது, தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் தயிர்சாதம் இறங்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அவள் அம்மா இசக்கியம்மாள் தெருச்சண்டைக்கெல்லாம் சொல்லுவாள், இவள் சிரிப்பாள். கஸ்டமரைச் சொந்தப் போனில் கூப்பிட்டால் வேலை போய்விடும் என்பது சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விஷயம். டப்பாவை மூடிவிட்டு மாடிப்படிக்குப் போய் அந்த நம்பரைப் போட்டாள்.

எடுத்தது ஹம்சா. வார்த்தைகள் ஒன்றொன்றாக வந்தன. சரண்யா மூச்சு விடாமல் கொட்டினாள். "மேடம், காலைல பேசின சரண்யா நான். சார் கூடுதலா எந்த டிக்கும் போடல. போயிடுமான்னு கேட்டாரு, போகாதுன்னு நான்தான் சொன்னேன். அழிக்கச் சொன்னதே நான்தான். அந்தக் கேபிளைக் கழட்டியிருந்தாலே போதும்."

"தெரியும்" என்றாள் ஹம்சா. "ஸ்பீக்கர்லதானே பேசினே. பக்கத்துலதான் உக்காந்துண்டிருந்தேன்."

நாலு திட்டுத் திட்டியிருந்தால் சரண்யாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அவர் காலைலேர்ந்து சாப்பிடலை. என் கையைப் பார்க்கறார், அப்பறம் தன் கையைப் பார்க்கறார். அந்தப் பொண்ணு சொன்னதைத்தான் பண்ணினேள்னு நாலு தரம் சொல்லிட்டேன். நான் ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைச்சுக்கறார்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவர்கிட்ட குடுக்கறேன். எங்கிட்ட சொன்னதை அவர்கிட்டயும் சொல்லு."

போன் எதிலோ இடித்துக் கை மாறுவது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்கிற அளவுக்கு நேரம் ஆனது.

"சொல்லும்மா" என்றார் பத்ரிநாராயணன். "லேப்டாப் முன்னாடிதான் இருக்கேன். இன்னும் எதையாவது அமுக்கணுமா?"